ஒரு மோட்டாருக்கு ஒரு கோளாறு

எங்கள் தெருமுனையில் தண்ணீர் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பி சுற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவரை ஊரார் ‘மோட்டார் பாய்’ என்றார்கள். நான் ‘மாமா’ என்றேன். திண்டுக்கல் பேகம்பூரில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே ஒரு சுவர்தான். அவருடைய இயற்பெயரை அவர் மனைவிகூட உச்சரித்து நான் கேட்டதில்லை. எனவே இங்கும் அதை விட்டுவிடுகிறேன்.

அவரைப் பற்றி எதைச் சொல்வதானாலும் அவருடைய ஒரு நம்பிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பழுதான எந்த மோட்டாரிலும் கோளாறு ஒன்றுதான். மற்றவையெல்லாம் அந்த ஒன்றின் பிள்ளைகள். இதை அவர் தொழில் நுணுக்கமாகச் சொல்லவில்லை. படைப்பின் விதி என்பதுபோல் சொன்னார்.

எங்கள் வீட்டு மோட்டார் தகராறு செய்த ஒரு காலையில், பள்ளி ஆசிரியரான என் அப்பா வகுப்பெடுப்பதுபோல் குறைகளை அடுக்கினார். முதலில் இரைச்சல் கூடியது, பிறகு தண்ணீர் மெலிந்தது, இப்போது கருகிய வாடை வருகிறது. மாமா கைகளைக் கட்டிக்கொண்டு நல்ல மாணவனைப்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முடிச்சிட்டீங்களா சார்?”

“முடிச்சிட்டேன் பாய்.”

“நீங்க மூணு சொல்றீங்க. அது ஒண்ணுதான் சொல்லுது.”

சுவிட்சைப் போடச் சொல்லி, திருப்புளியின் நுனியை மோட்டாரின் உடம்பில் ஊன்றி, பிடியைத் தம் காதில் வைத்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. “பேரிங் போச்சு” என்றார். பேரிங்தான் போயிருந்தது. அதை மாற்றியதும் இரைச்சலும் வாடையும் நின்றன. தண்ணீர் பழைய வேகத்தில் ஏறியது. அப்பா அன்று அவருக்குக் காப்பி கொடுத்த விதத்திலேயே ஒரு புது மரியாதை இருந்தது.

இந்த விதி கடையோடு நிற்கவில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும், மணமாகிப் போன மகள் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசினாலும், அதற்கெல்லாம் சேர்த்து ஒரே காரணத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். மாமிக்கு அதில் தீராத எரிச்சல்.

“இந்த மனுசனுக்கு ரெண்டுன்னு எண்ணவே தெரியாது பாப்பா” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் முறையிடுவார்.

“ரெண்டு எண்ணத் தெரிஞ்சிருந்தா ரெண்டாங் கல்யாணம் பண்ணியிருப்பேன்ல” என்று உள்ளிருந்து மாமாவின் குரல் வரும்.

“பண்ணுங்களேன், யாரு வேணாங்குறா? அந்தப் புண்ணியவதி வந்து உங்க கிரீஸ் சட்டையைத் துவைக்கட்டும்.”

ஒருமுறை தாடிக்கொம்புப் பக்கத்து விவசாயி ஒருவர், கம்பி சுற்றிக் கொண்டுபோன மோட்டாரையே சில நாள்களில் மீண்டும் வண்டியில் ஏற்றி வந்தார். ‘காயில்’ என்று அவர்கள் சொல்லும் புதிய கம்பிச் சுருள் கருகிக் கிடந்தது. மாமா கூடவே போய்ப் பார்த்ததில், கிணற்றுக்குள் இறங்கும் கேபிளிலும் ஒரு வெடிப்பு இருந்தது தெரியவந்தது. ஆக, கோளாறு இரண்டு. அவர் அதை ஒப்பவில்லை.

“பழைய காயில் சூடாகி, அந்தச் சூட்டுலதான் கேபிள் வெடிச்சிருக்கு. எல்லாம் ஒண்ணுலேர்ந்து வந்ததுதான்.”

“ரெண்டு கோளாறுன்னு வாயத் தொறந்து சொன்னா என்ன பாய், முத்தா உதிந்துரும்?” என்றார் விவசாயி.

மாமா சிரித்துக்கொண்டே கூலி இல்லாமல் மறுபடி சுற்றிக் கொடுத்தார். தவறின் பொறுப்பை ஏற்க அவர் தயங்கியதே இல்லை, விதியைத்தான் விட்டுக்கொடுக்கவில்லை. அதைத் தோற்கடிக்கும் சான்று உலகில் எதுவும் இருக்க முடியாது என்பதை நான் அன்று கவனித்தேன். முரணாக வருவதையும் பிள்ளைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் விதி அது. அன்று எனக்கு அது வேடிக்கையாக மட்டுமே இருந்தது.

மாமாவுக்கு நோய் வாயில்தான் தொடங்கியது. உதட்டின் உட்புறத்திலும் அண்ணத்திலும் புண்கள். சூடான தேநீரை ஆற்றாமல் குடிப்பதுதான் காரணம் என்றார். அது நோன்பு மாதம். மாலைதோறும் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்துவிடும். அந்த ஆண்டு மாமி அவருக்கு மட்டும் இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்க்காமல் தனியே காய்ச்சி, நன்றாக ஆறவைத்துக் கொடுத்தார். அதையும் அவர் கண்ணில் நீர் கோக்கத்தான் விழுங்கினார்.

பெருநாள் முடிந்ததும் முதுகில் கொப்புளங்கள் எழுந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் அக்கி என்றார்கள். அக்கி கண்டால் மண்பாண்டம் செய்பவரிடம் போய் அந்த இடத்தில் காவிமண்ணால் சிங்கம் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இதில் மதம் குறுக்கே வருவதில்லை. என் அத்தை கழுத்து நிறையச் சிவப்புச் சிங்கங்களோடு தேவாலயத்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்திருக்கிறார். மாமாவும் எழுதிக்கொண்டார். மறுநாள் சட்டையைக் கழற்றியபோது, காய்ந்த காவியோடு தோலும் உரிந்து வந்தது. மாமி போட்ட சத்தத்தில் நாங்கள் ஓடிப்போய் நின்றோம். அக்கி இப்படிச் செய்யாது என்பது மாமாவுக்கே அப்போது விளங்கியது.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில், துளி தோலை எடுத்துச் சோதித்து, பெம்ஃபிகஸ் என்று பெயர் சொன்னார்கள். உடலைக் காக்க வேண்டிய காவலே, தோலின் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசையைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது. ஒட்டு விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. மருத்துவர் ஓர் அம்மையார். அவர் சொன்ன இந்த விளக்கத்தை மாமா எங்கள் வாசலில் நின்று தம் மொழியில் பெயர்த்தார்.

“இன்சுலேசன் போச்சு பாப்பா. கம்பி மேல ஒரு பூச்சு இருக்குல்ல? அதை நம்ம காவக்காரனே சொரண்டுறான். அம்புட்டுதான். வாய்ப்புண்ணு, முதுகு எல்லாம் ஒண்ணு. நான் என்ன சொன்னேன்?”

அவர் முகத்தில் மகிழ்ச்சியே இருந்தது. நோயுற்றவன் முகத்தில் நான் எதிர்பார்க்காத, கண்டுபிடித்தவனின் மகிழ்ச்சி. அந்த ஒருமுறை அவருடைய விதி தவறாகப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மாத்திரைகளால் கொப்புளங்கள் அடங்கின, முகம் உப்பியது. “மறுபடி மாப்பிள்ளை களை வந்திருச்சு” என்று மாமி கேலி செய்தார். தேநீர்க் கடையில் மட்டும் அவருக்குக் கண்ணாடிக் குவளைக்குப் பதில் காகிதக் குவளை வந்தது. அவர் அதை வாங்கிக் குடித்துவிட்டு, கடைக்காரரிடம் நிதானமாகச் சொன்னார்: “இது தொத்தாது அப்பு. தொத்துறதா இருந்தா மொதல்ல எங்க வீட்டு அம்மாவுக்குல்ல தொத்தியிருக்கணும்? அவ என்னமோ நாளுக்கு நாள் நல்லாத்தான் இருக்கா.” அடுத்த வாரம் கண்ணாடிக் குவளை திரும்பி வந்தது.

தோல் பிரிவின் காத்திருப்பு வரிசையில் அவருக்கு ஒரு தங்கை கிடைத்தார். சித்தையன்கோட்டைக்காரர், சொந்தத்தில் கொஞ்சம் கத்திரித் தோட்டம், அவருக்கும் இதே நோய். முகம் உப்பியதைப் பொறுக்காமல் மாத்திரையை நிறுத்திவிடும் எண்ணத்தில் இருந்தவரை மாமாதான் தடுத்தார்.

“கண்ணாடியப் பாத்தா யாரோ மாதிரி இருக்குண்ணே.”

“யாரா இருந்தா என்ன தங்கச்சி, புண்ணில்லாத யாரோதான? மாத்திரைய மட்டும் நிறுத்திராத.”

அதன்பிறகு அந்த அக்கா திண்டுக்கல் சந்தைக்கு வரும்போதெல்லாம் மாமா வீட்டுக்கு ஒரு பை கத்திரிக்காய் வரும். அதில் பாதி சுவரைத் தாண்டி எங்கள் அடுப்புக்கும் வந்து சேரும்.

ஒரு நாள் மதுரையிலிருந்து திரும்பியவர், மருத்துவர் சொன்ன புதிய செய்தி ஒன்றை அப்பாவிடம் சொன்னார். “இந்தச் சீக்கு உள்ளவங்களுக்கு ரத்தப் புத்து மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதலா வருதாம் சார். ரொம்பப் பேருக்கு வராதாம், பயப்பட வேணாமாம். ஆனா காய்ச்சல் நிக்காம இருந்தாலோ, கட்டி கண்டாலோ, ஒடம்பு எளைச்சாலோ தள்ளிப்போடாம வரணுமாம்.”

“ஞாபகமா வச்சுக்குங்க பாய்” என்றார் அப்பா.

“ஞாபகம் இருக்கு சார். ஆனா அது வேற மோட்டாரு.”

அவர் விதியின்படி அது உண்மைதான். ஓர் உடம்புக்கு ஒரு நோய். தமக்கானது வந்துவிட்டது, இன்னொன்று வேறொருவருக்கு உரியது.

பக்ரீத்துக்கு முன் வரும் அய்யலூர் ஆட்டுச் சந்தை அவருக்குத் திருவிழா. விடியுமுன் போய், ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, கொம்பைத் தட்டி, நடக்கவிட்டு, விலை பேசி, முழுச் சந்தையையும் சுற்றிய பிறகுதான் வாங்குவார். நோய் கண்ட மறு ஆண்டு போன சுருக்கில் திரும்பினார். மருமகன் காட்டிய முதல் ஆட்டையே போதும் என்றாராம். சந்தையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தவர் எழவில்லையாம்.

“வெயிலு” என்றார் மாமா.

“பல்லைப் பாக்காம ஆடு வாங்குன மனுசனா இவரு?” என்று மாமி என் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எங்கள் இரு வீட்டுக்கும் முதன்முதலில் பயம் நுழைந்தது.

அதன்பிறகு அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் காரணமும் உடன்வந்தது. உடல் மெலிந்தது, மாத்திரையின் அளவைக் குறைத்ததால் உப்பல் வடிகிறது என்றார். தூக்கத்தில் சட்டை பிழியும்படி வியர்த்தது. மின்விசிறியின் மேல் பழி போட்டு, அதைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றினார். பிறகு கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு கட்டி. வாயில் அப்போது மீண்டும் சில புண்கள் கண்டிருந்தன.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் நெறி கரையும். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் அது பொய்ப்பதுமில்லை. அதனால் மாமா “வாயில புண்ணு, கழுத்துல நெறி” என்றபோது தெருவே தலையாட்டியது. சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துப் பூசச் சொன்னது என் அம்மாதான். மாமி பூசினார்.

வாய்ப்புண் ஆறியது. கட்டி கரையவில்லை.

“உள்ள இன்னும் ஆறலை” என்றார் மாமா.

சுவருக்கு இந்தப் பக்கம் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சொற்கள் கேட்டன. கேபிள் வெடிப்பையும் காயிலின் கணக்கில் எழுதிய அதே வாய். விவசாயிக்கு மோட்டாரைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. இங்கே அது முடியாது என்பது மாமிக்குப் புரிந்திருந்தது. அவர் குரல் அன்று வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அதனாலேயே ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

“நாளைக்கு மதுரைக்குப் போறோம்.”

“புண்ணுதான் ஆறிருச்சே, எதுக்கு? கடையில மூணு மோட்டாரு கெடக்கு. விவசாயி தண்ணியில்லாம நிக்கிறான்.”

“நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன். போயி உங்க நோவை என் நோவுன்னு சொல்லிக் கேட்டுட்டு வாரேன். கட்டி எங்கன்னு கேட்டா வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்னு சொல்றேன்.”

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவர் இணங்கினார்.

நான் அப்போது தினமும் மதுரைக்குப் போய்வந்து முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வகுப்பு இல்லாததால் நான் அங்கே போக வேண்டியதில்லை. இருந்தும் மாமி என்னை உடன் அழைத்தார். “நீ கூட வா பாப்பா. நாங்க ரெண்டு பேரு மட்டும் போனா இவரு நடுவழியில கொடைரோட்டுலயே எறங்கி ஓடிருவாரு. வயசுப்புள்ள பாத்துக்கிட்டிருந்தா வெக்கப்பட்டு உக்காந்திருப்பாரு.” அவர் கணிப்பு சரி. மாமா சன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் வயல்களில் ஓடும் மோட்டார்களின் நலத்தை எனக்கு விவரித்துக்கொண்டே வந்தார்.

மருத்துவர் அறையில் மாமா முதலில் சொன்னது இரண்டு சொற்கள்: “புண்ணு ஆறிருச்சு.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“இல்ல டாக்டர்.”

“இருக்கு டாக்டர்” என்றார் மாமி. அதற்குமுன் அந்த அறையில் அவர் வாய் திறந்ததில்லை என்று பிறகு சொன்னார். “ஒடம்பு பாதியாயிருச்சு. படுத்தா சட்டை நனைஞ்சு போகுது. கழுத்துல கட்டி. சந்தையில நடக்க முடியாம உக்காந்துட்டாரு.”

“அதெல்லாம் ஒண்ணுதான் டாக்டர். புண்ணு இருந்தா நெறி கட்டும்ல?”

மருத்துவர் எழுந்து வந்து, அவர் கழுத்தைத் தொட்டார். பிறகு தோள்பட்டைக்கு மேலுள்ள குழியை. பிறகு அக்குளை. ஒவ்வோர் இடத்திலும் விரல்கள் சற்று நின்றன. மாமி மருத்துவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டியிலிருந்து எடுத்த சதையின் முடிவு வந்தபோது, லிம்ஃபோமா என்றார்கள். ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகையில் தோன்றும் புற்று. மாமா அதைக் கேட்டு அழவில்லை. நேரே தம் கேள்விக்குப் போனார்.

“இது அந்தத் தோல் நோய்லேர்ந்து வந்ததா டாக்டர்?”

“உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ரெண்டும் சேர்ந்து வர்றது உண்டு. நோயாலயும் இருக்கலாம். நோய் எதிர்ப்பை அடக்குற மருந்தாலயும் இருக்கலாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.”

“ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க டாக்டர்.”

நான் அவரிடம் அதுவரை கேட்டிராத குரல் அது. உயிரைக் கேட்பவரின் குரலாக இல்லை. கேட்டது காரணத்தை. ஒரே ஒரு காரணத்தை.

“தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன் ஐயா” என்றார் மருத்துவர். முன்பே வந்திருக்கலாமா என்று மாமி கேட்டதற்கும் அவர் அதே நேர்மையோடு பதில் சொன்னார்: வந்திருந்தால் நல்லது, எவ்வளவு நல்லது என்று அளந்து சொல்ல முடியாது.

சிகிச்சை தொடங்கியது. முடி உதிர்ந்தது. இடைப்பட்ட நல்ல நாள்களில் அவர் கடையில் நாற்காலி போட்டு அமர்ந்து, மருமகன் கம்பி சுற்றுவதைப் பார்த்துக் குறை சொல்வார். அப்படியொரு நாளில் கல்லூரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த என்னை நிறுத்தினார்.

“நீ கதைகளாப் படிக்கிற புள்ள. ஒண்ணு கேக்குறேன். கதையில ஒரு ஆளு ரெண்டு காரணத்துல சாவானா?”

நான் யோசித்தேன். ஆறுதலாக எதையாவது சொல்வது அவரை அவமதிப்பதாகும் என்று பட்டது. “பெரும்பாலும் எழுத மாட்டாங்க மாமா. ரெண்டு காரணம் வச்சா படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வராது.”

“பாத்தியா!” என்றார். தோழன் ஒருவன் கிடைத்த நிறைவு முகத்தில் தெரிந்தது. முகத்தைத் தெருவின் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, என்னிடம் சொல்வதுபோலன்றி, “ஆனா நெசத்துல உண்டு போல” என்றார்.

அவர் தம் விதியிலிருந்து விலகி நான் கேட்ட ஒரே வாக்கியம் அதுதான். அடுத்த நோன்பு மாதத்தை அவர் காணவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். புண் உள்ளே இறங்கிவிட்டது என்றார் ஒருவர். அம்புட்டும் அந்த மாத்திரைதான் என்றார் இன்னொருவர். கட்டியில் கத்தி வைத்திருக்கவே கூடாது என்றார் மூன்றாமவர். எல்லாருக்கும் ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. கணவனை இழந்தவர் வெளியே செல்லாமல் இருக்கும் இத்தா நாள்கள் அவை. மாமி உள்ளறையில் வெள்ளைச் சேலையில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எதையும் மறுக்கவில்லை, ஏற்கவுமில்லை.

சித்தையன்கோட்டை அக்கா தாமதமாகத்தான் செய்தி அறிந்து வந்தார். “அண்ணே, மாத்திரைய நிறுத்தாதன்னு எனக்குச் சொன்னீங்களே” என்று வாசலிலேயே அழத் தொடங்கியவரை நான் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். மாமியின் மடியில் முகம் புதைத்து அவர் குலுங்கினார். மாமி அவர் தலையை வருடிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கை நின்றது.

“எந்திரி. செத்த நேரம் இப்படி வெளிச்சத்துக்கு வா.”

அக்கா ஒன்றும் விளங்காமல் எழுந்து சன்னலோரம் உட்கார்ந்தார். மாமி அவர் கழுத்துச் சேலையை விலக்கி, தாடைக்குக் கீழே இருபுறமும் விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தார். தோள் குழியில் பார்த்தார். கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் பார்த்தார். துக்க வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒண்ணும் தட்டுப்படலை. படுத்தா வேர்க்குதா உனக்கு?”

“வேர்க்குது மதினி. ஓட்டு வீடுல்ல, வெக்கைக்கு…”

“வெக்கையிருக்கட்டும். சேலை நனையுதா?”

“சில நாளு. தோட்டத்துல வேலை கூடுதலா இருந்தா அப்படித்தான்…”

“காரணம் சொல்லாத” என்றார் மாமி. குரல் உயரவில்லை, ஆனால் அக்காவின் வாய் மூடிக்கொண்டது. “காரணத்தை நீ சொல்லாத. எவன் சொன்னாலும் கேக்காத. என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லு. நாளைக்கு டாக்டரம்மாட்டயும் அதை மட்டும் சொல்லு. இந்தப் புள்ள உன்னையக் கூட்டிட்டுப் போவா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கைகள் இரண்டும் மாமியின் பிடியில் இருந்தன. பதிலைத் தொடங்க இரண்டுமுறை வாயெடுத்தார். இரண்டுமுறையும் ஏதோவொரு காரணம் முந்திக்கொண்டு வந்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டார். பிறகு மிக மெதுவாக, புதிதாகப் பேசப் பழகுபவர்போல், நடந்ததை மட்டும் சொல்லத் தொடங்கினார்.